விளம்பரம் கடைசியில் வரட்டும்

ஆன்லைனில் சிறியதாக ஒரு தொழில் தொடங்கியவர்கள் என்னிடம் யோசனை கேட்க வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "விளம்பரத்துக்கு எவ்வளவு போடலாம்?" பதில் சொல்வதற்கு முன் அவர்களுடைய கடைப் பக்கத்தை என் போனில் திறப்பேன். அவர்களிடம் விளக்கம் எதுவும் கேட்காமல், வாங்க வந்த ஆளாகவே அதைப் படிப்பேன். பொருள் எவ்வளவு பெரிது? எப்போது கைக்கு வரும்? பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? விற்பவர் யார்? இந்த நான்குக்கும் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிட்டால் விளம்பரம் பற்றிப் பேசலாம். பல சமயம் இரண்டுக்குக்கூடக் கிடைக்காது.

மார்க்கெட்டிங் என்றாலே ஆட்களைக் கூவி அழைப்பது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நேரில் விற்கும் கடைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆள் உள்ளே வந்துவிட்டால் பொருளை எடுத்துப் பார்ப்பார், தடவிப் பார்ப்பார், விற்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். மீதியைப் பொருளே பார்த்துக்கொள்ளும். ஆன்லைனில் இது எதுவும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் தொட்டுப் பார்க்காத பொருளுக்கு, முதலிலேயே பணம் கொடுக்கச் சொல்கிறோம். அவருக்கு வரும் தயக்கம் முழுக்க நியாயமானது. அந்தத் தயக்கங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைப்பதுதான் ஆன்லைன் விற்பனையில் மார்க்கெட்டிங் என்பது என் உறுதியான கருத்து. விளம்பரம் அதில் ஒரு பகுதி. வரிசையில் கடைசியாக வரவேண்டிய பகுதி.

இந்தத் தயக்கம் இணையத்தோடு பிறந்ததும் இல்லை. 1872-இல் அமெரிக்காவில் ஆரன் மான்ட்கோமரி வார்டு என்பவர் ஒரே ஒரு தாளில் பொருள்களின் பட்டியலையும் விலையையும் அச்சிட்டு, கிராமப்புற விவசாயிகளுக்குத் தபால் வழியாக விற்கத் தொடங்கினார். முகம் தெரியாத நகரத்து ஆளுக்குப் பணம் அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? 1875-இல் அவர் ஓர் உத்தரவாதம் கொடுத்தார்: திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். 120 ஆண்டு கழித்து, 1995-இல், பியர் ஒமிட்யார் பிற்பாடு ஈபே என்று பெயர் பெற்ற ஏல விற்பனைத் தளத்தை ஆரம்பித்தபோதும் அதே சிக்கல்தான் வந்து நின்றது. அடுத்த ஆண்டே, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் வசதியைக் கொண்டுவந்தார். இன்று எல்லாத் தளங்களிலும் நாம் பார்க்கும் நட்சத்திரங்களும் ரிவ்யூக்களும் அதே சிக்கலைத் தீர்க்க வந்தவைதான். தொலைவிலிருந்து விற்பதில் வெற்றி பெற்ற ஏற்பாடுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை வாங்குபவரின் பயத்தைக் குறைத்தவையாகவே இருக்கின்றன.

சரி, பக்கத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு தோள்பையை எடுத்துக்கொள்கிறேன். கையால் தைத்தது, கெட்டியான கான்வாஸ் துணி, உள்ளே இரண்டு அறை. விற்பவர் எழுதியிருப்பது இது: 'தரமான கைவேலைப்பாடு, அழகான வடிவமைப்பு, எல்லா வயதினருக்கும் ஏற்றது.' படம் மூன்று. மூன்றிலும் வெள்ளைப் பின்னணி, மூன்றிலும் பையின் முன்பக்கம். இதிலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? இப்படி ஒரு பை இருக்கிறது என்பது மட்டும். 'தரமான', 'அழகான' என்று எல்லாரும் எழுதுவதால் அந்தச் சொற்கள் கண்ணிலேயே படாமல் போய்விடுகின்றன.

வாங்க நினைப்பவர் மனதில் ஓடுவது வேறு. 14 அங்குல லேப்டாப் உள்ளே போகுமா? சார்ஜரும் சேர்ந்து போகுமா? பட்டையை நீட்டிக் குறுக்க முடியுமா, குறுக்காக மாட்டினால் பை எதுவரை தொங்கும்? மழையில் உள்ளே ஈரம் இறங்குமா? துவைக்கலாமா, சாயம் போகுமா? காலியாக இருக்கும்போதே கனக்குமா? இப்போது அதே விவரத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: 'அகலம் 37 செ.மீ., உயரம் 28 செ.மீ., அடிப்பகுதி 10 செ.மீ. 14 அங்குல லேப்டாப், சார்ஜர், ஒரு தண்ணீர் பாட்டில் தாராளமாகப் பிடிக்கும். 15.6 அங்குல லேப்டாப் நுழையும், ஆனால் ஜிப்பைக் கொஞ்சம் இழுத்து மூட வேண்டியிருக்கும். தூறல் தாங்கும், கனமழை தாங்காது. குளிர்ந்த தண்ணீரில் கையால் துவைக்கவும்.' இதில் ஒரு புகழ்ச்சி வார்த்தைகூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு அந்தப் பை தன் தோளில் தொங்குவது தெரிகிறது.

'கனமழை தாங்காது' என்று எழுத விற்பவர்கள் தயங்குவார்கள். அதைக் கட்டாயம் எழுதச் சொல்வேன். காரணம் இரண்டு. ஒன்று, குறையைத் தானாகச் சொல்பவர் நிறையைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம் என்று தோன்றும். இன்னொன்று, மழைக்காகவே பை தேடுபவர் இதை வாங்கி, நனைந்து, கோபப்பட்டுத் திருப்பி அனுப்புவது நின்றுபோகும். ஒமிட்யார் தன் தளத்தில் முதன்முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். உடைந்தது என்று பட்டியலிலேயே சொல்லியிருந்தார், தெரிந்தே ஒருவர் வாங்கினார். குறையோடு இருக்கும் பொருளுக்கும் ஆள் உண்டு. குறையை மறைத்து விற்ற பொருளுக்குத்தான் பிரச்சினை.

படங்களுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் போனிலேயே எடுத்தால் நிறம் உள்ளபடி வரும். எந்தெந்தப் படம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஓர் ஆள் தோளில் மாட்டியிருக்கும் படம், பக்கத்திலேயே அவருடைய உயரம். பையைத் திறந்து லேப்டாப்பை வைத்த படம். தையல் தெரியும் அளவுக்கு நெருக்கமாக ஒன்று. அடிப்பகுதி ஒன்று. பட்டையின் கொக்கி ஒன்று. கொக்கிப் படம் எதற்கு என்று கேட்பார்கள். பை முதலில் பழுதாகும் இடம் அதுதான் என்பது பை வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும், அவர் அதைத் தேடுவார். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பையைத் திறந்து மூடும் பத்து வினாடி வீடியோ ஒன்றும் சேர்ந்தால், தொட்டுப் பார்க்க முடியாத குறை பாதி தீர்ந்துவிடும்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றால் உங்கள் இன்பாக்ஸைத் திறங்கள். மெசேஜில் வந்த கேள்விகளை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். ஒருவர் கேட்டார் என்றால், கேட்காமலேயே போனவர்கள் பலர் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்ட சொற்களிலேயே பதிலை எழுதுங்கள். நீங்கள் 'சரிசெய்யக்கூடிய பட்டை' என்று எழுதியிருப்பீர்கள், அவர்கள் 'பட்டையை நீளம் குறைக்கலாமா' என்று கேட்டிருப்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியான விவரம். கூகுளிலும் அப்படித்தான் தட்டித் தேடுவார்கள்.

அப்புறம் டெலிவரி. 'விரைவில் அனுப்பப்படும்' என்பது ஒரு தகவலே இல்லை. 'ஆர்டர் வந்த மறுநாள் அனுப்புவோம், 3 முதல் 5 வேலை நாளில் கிடைக்கும்' என்பது தகவல். டெலிவரிக் கட்டணம் இருந்தால் அதைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஆன்லைன் கடைகளின் செக்அவுட் பக்கங்களை, அதாவது பணம் கட்டும் பக்கங்களை, பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பேமார்ட் நிறுவனம், கார்ட்டில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாகச் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறது. அதில் சும்மா பார்க்க வந்தவர்களும் உண்டு. அவர்களைக் கழித்துவிட்டுக் காரணம் கேட்டால், முதலிடத்தில் வருவது கடைசி நேரத்தில் சேரும் கூடுதல் கட்டணம்: டெலிவரி, வரி, இதர கட்டணங்கள். தொகை பெரிதா சிறிதா என்பது அடுத்த விஷயம். முடிவு எடுத்தபிறகு ஏறுகிற தொகை, ஏமாற்றப்பட்ட உணர்வைக் கொடுத்துவிடுகிறது. அதே ஆய்வுகளில் அடிக்கடி வரும் இன்னொரு காரணம், வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கச் சொல்வது. கணக்கு இல்லாமலே வாங்க வழி வையுங்கள். முகவரியும் தொடர்பு எண்ணும் போதும், பிறந்த தேதி எதற்கு?

பக்கம் திறக்கும் வேகம் பற்றி ஒரே வரி. முக்கியமான படம் 2.5 வினாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், சிறிய கடைகளில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் சுருக்காமல் ஏற்றிய படங்கள்தான்.

'எங்களைப் பற்றி' பக்கத்தைப் பலர் கடமைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்' என்று இருக்கும், யாருடைய குறிக்கோள் என்று இருக்காது. சிறிய கடைக்குப் பெரிய கடையிடம் இல்லாத ஒரு பலம் உண்டு: செய்பவரே விற்கிறார். உங்கள் பெயர், முகம், எந்த மேசையில் வைத்துத் தைக்கிறீர்கள், எந்தப் பொருளைச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையெல்லாம் அங்கே எழுதுங்கள். பெரிய நிறுவனம்போலத் தோன்றவேண்டும் என்ற ஆசையில் இதை மறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். வாங்குபவர் நம்பத் தயாராக இருக்கும் ஒரே இடத்தையும் அவர்கள் மூடிவிடுகிறார்கள்.

*

1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் மார்க்கெட்டிங்கை நான்காகப் பிரித்துச் சொன்னார்: பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம். வணிகப் படிப்பில் முதல் வாரத்திலேயே வந்துவிடும் பாடம் இது. நடைமுறையில் சிறு விற்பனையாளர்கள் நான்காவதில் மட்டும் நின்றுவிடுகிறார்கள். முதல் மூன்றும் முடிந்துபோன விஷயம் என்று நினைக்கிறார்கள்.

பொருளில் இருக்கும் மிகப்பெரிய கேள்வி, அது யாருக்கு என்பது. 'எல்லாருக்கும்' என்ற பதிலைக் கேட்டால் நான் விடமாட்டேன். அதே பையை 'சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு' என்று வைத்துப் பாருங்கள். உடனே எல்லாம் தெளிவாகிவிடும். பட்டை முதுகில் நழுவாமல் இருக்க இன்னொரு சிறு பட்டை வேண்டும். இருட்டில் மின்னும் ஒரு துண்டு பின்பக்கம் வேண்டும். படம் சைக்கிளில் எடுக்க வேண்டும். அவர்கள் கூடும் குழுக்கள் எவை என்று தேடலாம். 'சைக்கிள் லேப்டாப் பை' என்று தேடுகிறவர் முன்னால் நிற்கலாம். சைக்கிள் ஓட்டாதவர் வாங்கமாட்டாரோ என்ற பயம் வேண்டாம். பிடித்தால் அவரும் வாங்குவார். ஆனால் 'எல்லாருக்குமான பை' என்று நீங்கள் போட்டியிட்டால், எதிரே நிற்பவர்கள் உங்களைவிட மலிவாக, உங்களைவிட வேகமாகக் கொடுக்கக்கூடிய பெரிய தளங்கள்.

தேவை இருக்கிறதா என்பதை ஸ்டாக் வாங்கிக் குவிப்பதற்கு முன்பே சோதிக்கலாம். ஜாப்போஸ் என்ற காலணிக் கடையை 1999-இல் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன், ஆரம்பத்தில் கையில் சரக்கே வைத்துக்கொள்ளவில்லை. கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தபிறகு அந்தக் கடையில் வாங்கி அனுப்பினார். அதில் லாபம் நிற்காது. ஆனால் போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் ஷூ வாங்க ஆள் இருக்கிறார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதில்தான் அப்போது அவருக்குத் தேவைப்பட்டது.

*

இனி கணக்கு. எனக்குப் பிடித்த பகுதி, பலர் தவிர்க்கும் பகுதி.

பொருளின் விற்பனை விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். துணியும் தையல் கூலியும் 40. பெட்டி, டேப், டெலிவரி 10. பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் 3. திரும்பி வருபவை, சேதமாகிறவை என்று சராசரியாக 5. ஆக 58 போய்விட்டது, மிஞ்சுவது 42. இந்த 42-லிருந்துதான் விளம்பரச் செலவு, உங்கள் உழைப்புக்கான ஊதியம், லாபம் எல்லாம் வரவேண்டும். உங்களுக்கென்று 20 வேண்டும் என்றால், ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர அதிகபட்சம் 22 பங்கு செலவிடலாம். இந்த ஓர் எண் தெரியாமல் விளம்பரம் கொடுப்பவர், விற்க விற்க நஷ்டப்படவும் வாய்ப்பு உண்டு.

அடுத்த படி. விளம்பரத்தைக் கிளிக் செய்து உங்கள் பக்கத்துக்கு 100 பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு 22 என்றால் இரண்டு பேருக்கு 44. அதை 100 கிளிக்குக்குப் பிரித்தால், ஒரு கிளிக்குக்கு 0.44 பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. சந்தையில் கிளிக்கின் விலை அதைவிட அதிகமாக இருந்தால் அந்த விளம்பரம் உங்களுக்குக் கட்டாது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும். இப்போது படத்தையும் விவரத்தையும் டெலிவரித் தகவலையும் சரிசெய்து, 100-க்கு நான்கு பேர் வாங்குகிறார்கள் என்றால்? அதே கிளிக்குக்கு 0.88 வரை கொடுக்கலாம். நேற்றுவரை கட்டுப்படியாகாத இடத்தில் இன்று நீங்களும் போட்டியிடலாம். பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். அங்கே ஒருமுறை போட்ட உழைப்பு, பின்னால் வரும் ஒவ்வொரு கிளிக்கிலும் பலன் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

தள்ளுபடியையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். '10 சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் அந்த 10 உங்கள் 42-லிருந்து போகிறது, மிஞ்சுவது 32. முன்பு கிடைத்த அதே தொகை கிடைக்க 31 சதவீதம் கூடுதலாக விற்றாக வேண்டும். 20 சதவீதம் தள்ளுபடி என்றால் மிஞ்சுவது 22, ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்க வேண்டும். இரண்டு மடங்கு பை தைக்க உங்களிடம் கை இருக்கிறதா? நான் தள்ளுபடிக்கு எதிரி இல்லை. தேங்கிய ஸ்டாக்கைக் காலி செய்ய, முதல்முறை வருபவரின் தயக்கத்தை உடைக்க அது உதவும். மாதாமாதம் ஆஃபர் போட்டால் மட்டும் வாடிக்கையாளர்கள் அடுத்த ஆஃபருக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கஷ்டம்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு வாசலும் இருக்கிறது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வந்தால் அவரைக் கொண்டுவரும் செலவு ஏறக்குறைய இல்லை, அந்த 22-உம் உங்களிடமே நிற்கும். ஆகவே முதல் ஆர்டருக்குப் பின் நடப்பதும் மார்க்கெட்டிங்தான். பணம் கட்டி முடித்ததிலிருந்து பொருள் கைக்கு வரும்வரை வாடிக்கையாளருக்குச் சந்தேகம் உச்சத்தில் இருக்கும். பணம் போய்விட்டது, பொருள் வரவில்லை. அந்த இடைவெளியில் மூன்று மெசேஜ் போதும்: ஆர்டர் கிடைத்தது, அனுப்பிவிட்டோம், இன்று வருகிறது. தாமதமானால் அவர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் பலரும், கேட்டும் பதில் வராததைப் பொறுத்துக்கொள்வதில்லை.

ரிவ்யூ கேட்கவும் நேரம் உண்டு. டெலிவரி ஆன அன்றே கேட்டால் 'பார்சல் நன்றாக வந்தது' என்றுதான் எழுதுவார்கள். பையைப் பயன்படுத்திப் பார்க்க ஒரு வாரமோ பத்து நாளோ கொடுத்துவிட்டு, 'எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை' என்று குறிப்பாகக் கேளுங்கள். வரும் பதில் அடுத்த வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதிலாக இருக்கும். மோசமான ரிவ்யூ வந்தால் அழிக்கப் பார்க்காதீர்கள். 'தையல் பிரிந்தது உண்மைதான், மாற்றுப் பை அனுப்பியிருக்கிறோம், அந்த இடத்தில் இப்போது இரட்டைத் தையல் போடுகிறோம்' என்ற பதிலைப் படிக்கப்போவது புகார் செய்தவர் மட்டும் இல்லை, வாங்கலாமா என்று யோசிக்கும் எல்லாரும் படிப்பார்கள். காசு கொடுத்து ரிவ்யூ எழுதி வாங்குவதை அறவே விடுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியே தவறு. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2024-இல் போலி ரிவ்யூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து தனி விதியே கொண்டுவந்தது.

*

ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது? இங்கே இரண்டு வகையான கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். கூகுளில் தட்டித் தேடுகிறவர் தேவையோடு வருகிறார், அவருக்குப் பதில் வேண்டும். இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் எதையும் தேடவில்லை, அவரை நிறுத்த ஒரு காரணம் வேண்டும். பை தைக்கும் வீடியோ இரண்டாமவருக்குப் பொருந்தும். 'லேப்டாப் பை எந்த அளவில் வாங்குவது' என்ற விளக்கப் பக்கம் முதலாமவருக்குப் பொருந்தும். இரண்டையும் குழப்பி, ரீல்ஸ் முழுக்க விலைப்பட்டியல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், கடைப் பக்கம் முழுக்கக் கவிதை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாத் தளங்களிலும் இருக்கவேண்டும் என்ற நெருக்கடிக்கு ஆளாகாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் இருக்கும் ஒரு தளத்தில் ஒழுங்காக இருப்பது போதும். காசு கட்டிப் பதிவைப் பரப்பும் பூஸ்ட் பட்டனை அமுக்கி லைக் வாங்குவதற்கும் ஆர்டருக்கும் சம்பந்தம் குறைவு. எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பதைவிட, எத்தனை பேர் சேவ் செய்தார்கள், நண்பருக்கு அனுப்பினார்கள், லிங்க்கைத் தொட்டார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், சமூக ஊடகத்தில் ஃபாலோயர் எண்ணிக்கை உங்கள் சொத்து இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்களும் குடும்பத்தினரும் போடும் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. வணிகப் பக்கங்களின் ரீச், அதாவது பதிவுகள் எத்தனை பேரைச் சேர்கின்றன என்பது, சரிந்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஆப்கள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டே ஆகவேண்டும் என்று வைத்தது. பலர் மறுத்தார்கள், விளம்பரங்களால் ஆளைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது கடினமானது. இரண்டு முடிவுகளிலும் சிறு விற்பனையாளர்களின் கருத்து கேட்கப்படவில்லை, இனியும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கவேண்டும் என்கிறேன். ஒரு தளம் மூடப்பட்டாலும் அந்தப் பட்டியல் உங்களோடு வரும்.

அந்தப் பட்டியலில் அனுமதி கொடுத்தவர்கள் மட்டும்தான் இருக்கவேண்டும். கேட்காமல் அனுப்பும் விளம்பர மின்னஞ்சலின் வரலாறு நீண்டது. 1978 மே மாதம் கேரி துவெர்க் என்ற கணினி விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரு விளம்பரம் அனுப்பினார். முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள், அன்றே புகார்கள் குவிந்தன. இன்று புகாருக்குத் தண்டனையும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன: ஒரே தொடுகையில் விலகும் வசதி இருக்கவேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் ஸ்பாம் என்று குறித்தாலே ஆபத்து. உங்கள் பட்டியல் சிறியதாக இருந்தாலும் இதையே அளவாக வைத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் இதே மரியாதை பொருந்தும். ஆர்டருக்காகக் கொடுத்த எண்ணைத் தினசரி ஆஃபருக்குப் பயன்படுத்தினால் பிளாக் செய்துவிடுவார்கள், அதோடு அந்த உறவு முடிந்தது.

என்ன அனுப்புவது? பையை எப்படித் துவைப்பது, ஜிப் இறுகினால் என்ன செய்வது, புதிய நிறம் எப்போது வருகிறது. விற்பனை இல்லாத கடிதமும் இடையிடையே போகட்டும்.

*

இவ்வளவும் சரியாக இருந்தால் விளம்பரத்துக்கு வரலாம். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணையப் பத்திரிகையில் பக்கத்தில் பட்டையாகத் தெரியும் முதல் பேனர் விளம்பரங்கள் வந்தபோது, ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தின் பேனரைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைக் கிளிக் செய்தார்கள் என்பது பதிவு. இன்று பேனரில் ஒரு சதவீதம் கிடைப்பதே அரிது. கண்கள் பழகிவிட்டன. அதனால் சிறிய கடை முதலில் தொடங்கவேண்டியது தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தில்தான் என்பது என் முடிவு. உங்கள் பக்கத்தையே ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு மறுபடி காட்டுவது அதற்கு அடுத்தது.

தொடங்குவதற்கு முன் கூகுளின் இலவச சர்ச் கன்சோலைப் பாருங்கள். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். நிறையப் பேருக்குத் தெரிந்தும் உள்ளே வராத சொல் இருந்தால், முதலில் தலைப்பை மாற்றி எழுதிப் பாருங்கள். அது காசில்லாத வேலை.

எந்த வழியில் விற்பனை வந்தது என்று அறிய விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. நூறாண்டுக்கு முன்பே கிளாட் ஹாப்கின்ஸ் போன்ற விளம்பரக்காரர்கள், ஒவ்வொரு பத்திரிகை விளம்பரத்திலும் வேறுவேறு அடையாளம் போட்ட கூப்பனை வைத்து, எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணினார்கள். நீங்களும் மின்னஞ்சலுக்கு ஒரு கூப்பன் குறியீடு, இன்ஸ்டாகிராமுக்கு வேறொரு குறியீடு என்று வைக்கலாம். செக்அவுட் முடிந்ததும் 'எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். நண்பர் சொன்னார் என்ற பதில் எந்த டேஷ்போர்டிலும் வராது, இங்கே வரும்.

சிறிய எண்களை வைத்து அவசர முடிவு எடுக்காதீர்கள். பழைய படத்துக்கு 100 பேரில் இரண்டு பேர், புதிய படத்துக்கு 100 பேரில் நான்கு பேர் என்றால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். சில ஆயிரம் பேர் பார்க்கும்வரை பொறுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தேடல் விளம்பரத்தைத் தொடங்கியதும் தினசரி உச்சவரம்பைச் சிறியதாக வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை தேடல் சொற்களின் அறிக்கையைத் திறந்து படியுங்கள். விளம்பரம் எந்தெந்தத் தேடலுக்குக் காட்டப்பட்டது என்று அதில் வரிசையாக இருக்கும். 'பை தைப்பது எப்படி', 'பை ஜிப் பழுது', 'இலவச பை', 'பை தையல் வேலை' என்று வாங்கப்போகாத தேடல்களும் அதற்குள் இருக்கும், அவற்றுக்கும் உங்கள் காசு போயிருக்கும். 'எப்படி', 'பழுது', 'இலவச', 'வேலை' ஆகிய சொற்களை, அவை வந்தால் விளம்பரம் காட்ட வேண்டாம் என்று சொல்லும் விலக்கு பட்டியலில் சேருங்கள். அதோடு 'பை தைப்பது எப்படி' என்ற தேடல் நிறைய வந்திருந்தால் தனியாகக் குறித்துவையுங்கள், பை தைக்கும் வீடியோவுக்கு நேயர்கள் அங்கே இருக்கிறார்கள்.